வடக்கு ஜன்னலா, தெற்கு ஜன்னலா: உருவப்படத்துக்கு ஒளி, துணி, அமைப்பு

உருவப்படம் கெட்டுப்போவது பெரும்பாலும் கண் வரையும்போதோ மூக்கு வரையும்போதோ நடப்பதில்லை. ஆளை உட்காரவைத்த நிமிடத்திலேயே கெட்டிருக்கும். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டு, கன்னத்தில் திரட்சி வரவில்லையே என்று பத்து நாள் நிறத்தை மாற்றி மாற்றிப் பூசினாலும் முகம் தட்டையாகத்தான் நிற்கும். அதனால் முதலில் ஒளியை முடிவு செய்யுங்கள். அடுத்து துணியை ஒழுங்குபடுத்துங்கள். அதற்கும் பிறகுதான் கேன்வாஸில் எதை எங்கே வைப்பது என்ற யோசனை. இந்த மூன்றும் முடியும்வரை பிரஷ்ஷைத் தொட வேண்டியதில்லை.

இங்கே சொல்வது எண்ணெய் வண்ணத்தில், ஆளை நேரில் பார்த்து வரைபவர்களுக்கானது. அக்ரிலிக்கில் வரைபவர்களுக்கும் ஒளி, துணி பற்றியதெல்லாம் அப்படியே பொருந்தும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளை மனதில் வைத்தே சொல்கிறோம். இந்த ஊர் வெயிலும் செம்மண்ணும் சுவர் பெயின்ட்டும் படத்தில் செய்கிற வேலை வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இருக்காது.

ஜன்னல்

'வடக்குப் பார்த்த ஜன்னல்தான் ஓவியருக்கு உகந்தது' என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஐரோப்பாவில் எழுதியது அது. அங்கே நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கிலேயே நிற்கும். அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாமல், வானத்தின் வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க ஒரே சீராக வரும். தருமபுரி இருப்பது சுமார் 12.1 பாகை வட அட்சரேகையில், கிருஷ்ணகிரி 12.5 பாகையில். இங்கே சூரியன் ஏப்ரல் நான்காம் வாரத்தில் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு வடக்கே போய்விடும். மறுபடி உச்சிக்குத் திரும்புவது ஆகஸ்ட் மூன்றாம் வாரம். இடைப்பட்ட நான்கு மாதமும் காலை முதல் மாலை வரை சூரியன் வானத்தின் வடபாதியில்தான் நகரும். அந்த நாட்களில் வடக்கு ஜன்னலை நம்பி உட்கார்ந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக உள்ளே இறங்கி மாடலின் காதை மட்டும் பளிச்சென்று காட்டும்.

ஆகவே இந்த ஊருக்குக் கணக்கு வேறு. செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை வடக்கு ஜன்னலில் நேர் வெயில் படவே படாது. கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்துக்கொள்ளலாம். சித்திரை 10 வாக்கில் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை தெற்கு ஜன்னலுக்கு மாறிவிடுங்கள். அந்த நாட்களில் வெயில் படாத ஜன்னல் அதுதான். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற நான்கைந்து வாரங்களில் வடக்கு ஜன்னலையே வைத்துக்கொண்டு, காலை 10 முதல் 3 மணிக்குள் வேலையை முடிக்கலாம். வேறு வழியே இல்லாமல் வெயில் விழும் ஜன்னலில்தான் வரைய வேண்டும் என்றால், துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்து ஜன்னலின் நான்கு பக்கமும் மூடுகிற மாதிரி கட்டுங்கள். புது வேட்டி வேண்டாம், கஞ்சி ஏறியதும் வேண்டாம். வெளிச்சம் பாதிதான் வரும்.

நம் வீடுகளில் ஜன்னல் தாழ்வாக இருக்கும். உட்கார்ந்த ஆளின் இடுப்பளவிலேயே தொடங்கிவிடும். அதில் வரும் வெளிச்சம் முகத்தின் பக்கவாட்டிலும் கீழிருந்தும் படுவதால் புருவத்துக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் நிழலே விழாது. நிழல் விழாத இடத்தில் எலும்பு தெரியாது. ஜன்னலின் கீழ்ப்பாதியைப் போர்வையோ அட்டையோ கொண்டு தரையிலிருந்து நாலரை அடி உயரம் வரை அடைத்துவிடுங்கள். மேல்பாதி மட்டும் திறந்திருந்தால் வெளிச்சம் 45 பாகை சாய்வில் மேலிருந்து இறங்கும். ஆளை ஜன்னலிலிருந்து 3 முதல் 4 அடி தள்ளி உட்காரவையுங்கள். ஒன்றரை அடிக்குள் போனால் ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டுபோகும். 7 அடிக்கு மேல் போனால் ஒளி சோர்ந்து, அறையின் மற்ற சுவர்களிலிருந்து வரும் சிதறல் ஜெயித்துவிடும். அறையில் வேறு ஜன்னல், கதவு இருந்தால் மூடுங்கள். டியூப்லைட்டையும் அணைக்க வேண்டும். ஒளி ஒரு வழியாகத்தான் வர வேண்டும்.

மாடல் வருவதற்கு முன்பே ஒளியைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நாற்காலியில் தலை இருக்கும் உயரத்துக்கு ஏதாவது அடுக்கி, அதன் மேல் ஒரு செம்பை வைத்து, செம்பின் வாயில் கிளிமூக்கு மாங்காய் ஒன்றை அலகு உங்களைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். சீசனில் இந்த மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? மாங்காயின் உருண்டையில் வெளிச்சப் பகுதி, இடைநிறம், நிழல் தொடங்குகிற கரும்பட்டை, நிழலுக்குள் ஏறும் எதிரொளி என நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அலகின் நிழல் பக்கவாட்டில் சாய்ந்து கீழிறங்கினால் மூக்கின் நிழலும் அப்படித்தான் விழும். அலகின் நிழலே தெரியவில்லை என்றால் ஜன்னலை இன்னும் அடைக்க வேண்டும்.

செம்மண்ணும் சுவரும்

வாசலில் வெயில் கொட்டும்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தாடைக்கு அடியைக் கவனித்துப் பாருங்கள். கருத்த நிழலாக இருக்க வேண்டிய அந்த இடம் காவி பூசினாற்போல் சிவந்து கிடக்கும். மூக்கின் அடிப்பாகம், மேல் இமையின் அடிமடிப்பு, காதின் கீழ்மடல் எல்லாம் அதே சிவப்பு. வாசல் செம்மண் மேல்நோக்கி அனுப்பும் ஒளி அது. கோடையில் இன்னும் அதிகம். மற்ற மாதங்களில் வீட்டின் சொந்த நிழலில் கிடக்கும் வடக்கு முற்றத்திலும் அப்போது வெயில் நேராக விழும். இந்த ஒளியைத் திட்டமிட்டு எடுத்துக்கொண்டால் படத்துக்கே ஒரு ஊர்மணம் வந்துவிடும். திட்டமில்லாமல் வந்தால் இரண்டாவது ஒளிமூலமாகி முகத்தைக் குழப்பும். சோதனை சுலபம்: தாடைக்கு அடியின் நிறம் கன்னத்தின் வெளிச்சப் பகுதியைவிட (கறுப்பு 1, வெள்ளை 9 என்று எண்ணினால்) இரண்டு படியாவது இருண்டிருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வெளுத்தால் திண்ணையின் முன்னால் ஒரு கறுப்புத் துணியையோ ஈரக் கோணியையோ விரியுங்கள். சட்டென்று அடங்கும்.

உள்ளறைச் சுவர் இன்னொரு சங்கடம். கிளிப்பச்சை, வான்நீலம், ரோஸ் என்று அடித்திருக்கும் சுவருக்குப் பக்கத்தில் ஆளை உட்காரவைத்தால் நிழல்பக்கக் கன்னத்தில் அந்த நிறம் ஏறிவிடும். நேரில் பார்க்கும்போது நம் மூளை அதைக் கழித்துவிடும். கேன்வாஸில் அப்படியே தீட்டினால் காமாலை கண்ட முகம்போல் நிற்கும். நிழல்பக்கச் சுவரில் பழுப்போ சாம்பலோ ஆன பெட்ஷீட் ஒன்றை மாட்டினால் போதும். கருங்கல் பலகை வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இந்த வகையில் அருமையானவை. அந்தக் கல்லின் சாம்பல் எந்தத் தோல் நிறத்தோடும் சண்டைபோடாது, பின்னணியாகவும் அப்படியே பயன்படும்.

நிழல் மிகவும் இருண்டிருந்தால் நிழல் பக்கத்தில் 4 அடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். 2 அடிக்குள் கொண்டுவந்தால் நிழல் கரைந்து, திரும்பவும் தட்டை முகம்தான்.

ஒளிபடும் கோணத்தை யாருக்கு எப்படி வைப்பது? பக்கவாட்டில் 45, மேலே 45 பாகை என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அப்போது நிழல்பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் விழும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) பெயரால் அதைச் சொல்வார்கள். மூக்கின் நிழலும் கன்னத்து நிழலும் உதட்டோரம் சந்தித்து முக்கோணத்தை மூட வேண்டும். மூடாமல் மூக்கு நிழல் அந்தரத்தில் தொங்கினால் ஆளை ஜன்னலிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கித் திருப்புங்கள். முதியவர்களுக்கு ஒளியை முழுப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு சுருக்கமும் உழவுசால் மாதிரி எழும். உழைத்த முகத்தைக் காட்ட வேண்டுமானால் அதுவே சரி. வீட்டுக் கூடத்தில் மாட்டப் பிள்ளைகள் கேட்கும் படமானால் பாட்டியைச் சற்று ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவையுங்கள்.

தலையில் உருமால் கட்டிய விவசாயியை வரையும்போது நெற்றியின் மேல்பாதி முழுக்க நிழலில் போய்விடும். அந்த நிழலின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். நெற்றியின் வளைவைத் தழுவிக்கொண்டு வரும், துணிக்கு அருகில் கூர்மையாகவும், தள்ளித் தள்ளிப் போகும்போது மெத்தென்றும் இருக்கும். நேர்கோடாக இழுத்தால் உருமால் தலையில் ஒட்டாமல் அட்டை மாதிரி நிற்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால், கண்ணாடிக் காம்பின் பின்முனையை காதுக்கு மேலே அரை சென்டிமீட்டர் தூக்கிவிடச் சொல்லுங்கள். ஜன்னலின் பிரதிபலிப்பு விழியை மறைக்காது.

மின்விளக்கில்தான் வரைய முடியும் என்பவர்கள் 5000 முதல் 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) எல்.இ.டி. பல்பு, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் எண்) 90-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு எண்ணும் அட்டைப்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். தலையைவிட 2 அடி உயரத்தில், 4 முதல் 5 அடி தொலைவில் வையுங்கள். கேன்வாஸின் மேல் விழும் விளக்கும் அதே வகையாக இருக்க வேண்டும். மாடலுக்கு வெள்ளை, கேன்வாஸுக்கு மஞ்சள் பல்பு என்று வைத்து இரவில் கலந்த நிறம் காலையில் நீலம் பூத்துக் கிடக்கும்.

தோலின் நிறம்

படத்தில் வெளிச்சமும் நிழலும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதே திரட்சியைத் தரும். கறுப்பு 1, வெள்ளை 9 என்று வைத்துக்கொண்டால், மாநிறத் தோலின் வெளிச்சப் பகுதி 5 வாக்கில் வரும், நிழல் 2 அல்லது 3. மினுக்கம் மட்டும் 7, 8. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: வெள்ளைச் சட்டையின் நிழல் 6 இருக்கும். அதாவது சட்டையின் நிழல், முகத்தின் வெளிச்சத்தைவிட வெளுப்பு. 'நிழல்தானே' என்று சட்டை மடிப்பைக் கறுப்பில் தோய்த்தால் அது அழுக்குச் சட்டை. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மொபைலில் ஒரு படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

கலவை அளவு, பட்டாணி அளவைக் கணக்காக வைத்து: வெளிச்சத்துக்கு எல்லோ ஓக்கர் 3, பர்ன்ட் சியன்னா 2, டைட்டானியம் ஒயிட் 1, வெர்மிலியன் கால். இடைநிறத்துக்கு அதிலேயே ஒயிட்டை விட்டுவிட்டு ரா அம்பர் அரை. நிழலுக்குப் பர்ன்ட் சியன்னா 2, அல்ட்ராமரின் ப்ளூ 1, அலிசரின் கிரிம்சன் கால். இதில் ஒயிட் ஒரு துளிகூட வேண்டாம். நிழலில் ஒயிட் கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும், நம் நிறத் தோலுக்கு அது தீராத கெடுதல். கறுத்த தோலுக்கு எல்லாவற்றிலும் ஓக்கரைக் குறைத்து பர்ன்ட் அம்பரைக் கூட்டுங்கள். தோல் கறுக்கக் கறுக்க மினுக்கம் கூர்மையாகும், அது ஒளியின் நிறத்தில் இருக்கும், தோலின் நிறத்தில் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் கன்ன எலும்பின் மேலும் மூக்கு நுனியிலும் விழும் அந்தப் பொட்டு லேசான நீலம். ஒயிட்டில் அல்ட்ராமரின் ஊசிமுனை அளவு தொட்டு, ஒரே தடவை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். தேய்க்காதீர்கள்.

முகம் முழுக்க ஒரே கலவையும் வேலைக்காகாது. கன்னம், மூக்கு, காதில் சிவப்பு கூட இருக்கும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நெற்றி கன்னத்தைவிட ஒரு படி கறுத்திருக்கும். சவரம் செய்த தாடையில் பச்சை கலந்த சாம்பல் ஓடும். கற்றுக்கொள்கிற காலத்தில் ஒயிட், ஓக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக் என நான்கே நிறத்தில் நாலைந்து தலைகள் தீட்டிப் பழகுவது நல்லது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் பேலட் (நிறத்தொகுப்பு) அது. பச்சைப் புடவைக்கு உதவாது, தலைக்குப் போதும்.

துணி

துணியை வரையத் தொடங்குபவர்கள் மடிப்புகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது துணி எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான். புடவை கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அப்படி நான்கு இடங்கள்: இடது தோள், இடுப்புச் செருகல், மடக்கிய முழங்கை, இரண்டு முழங்கால்கள். ஒவ்வொரு மடிப்பும் இவற்றில் ஒன்றிலிருந்து கிளம்பி இன்னொன்றை நோக்கிப் போகும், அல்லது எடை தாங்காமல் கீழே தொங்கும். எங்கிருந்தும் கிளம்பாத மடிப்பை வரைந்தால் அது துணியில் விழுந்த வடு. ராஜா ரவிவர்மா (1848–1906) வரைந்த பெண்களின் நல்ல பிரிண்ட் ஒன்றை வைத்துக்கொண்டு, மேலே டிரேசிங் பேப்பர் போட்டு, முகத்தை விட்டுவிட்டுப் புடவை மடிப்புகளுக்கு மட்டும் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பத்து படம் செய்தால் கண் பழகிவிடும்.

மடிப்பு வகைகளில் கைக்கு அடிக்கடி வருபவை சிலதான். தோளிலிருந்து நேராக இறங்கும் முந்தானையில் குழாய் குழாயாக விழுபவை ஒன்று. இவை மேலே நெருங்கி, கீழே விரியும், ஒரே அகலத்தில் வராது. இரண்டு முழங்கால்களுக்கு நடுவே தொட்டில் மாதிரி தொங்குவது இன்னொன்று. முழங்கையின் உள்பக்கம் துணி நசுங்கி நட்சத்திரம்போல் கூடுவது மூன்றாவது. தரையில் குவிந்த கொசுவத்தின் முனையில் துணி தளர்ந்து எந்த இழுவையும் இல்லாமல் கிடக்கும். அங்கே கோணங்களைக் குறைத்து மெத்தென்று தீட்டுங்கள்.

துணிக்குத் துணி உடைகிற விதம் வேறு. கஞ்சி போட்ட பருத்தி வேட்டி கூர்முனையில் உடையும். மடிப்பின் ஒளிபட்ட முகத்துக்கும் நிழல் முகத்துக்கும் நடுவே இடைநிறமே அனேகமாக இராது. துவைத்த லுங்கியில் மடிப்புகள் வட்டமாகும். சின்தெடிக் புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிறைய சின்னச் சின்ன மடிப்பு போடும். அவற்றில் மூன்றில் இரண்டை விட்டுவிடலாம். ஆடு மேய்ப்பவர் தோளில் போடும் கம்பளியில் மடிப்பு மிகக் குறைவு, விளிம்பெல்லாம் மங்கல், மினுக்கம் கிடையவே கிடையாது. அதில் ஒயிட் வைத்தால் கம்பளி ரெக்ஸின் ஆகிவிடும். பெட்டியிலிருந்து எடுத்த புது வேட்டியில் இஸ்திரி மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக நிற்கும். உடம்பின் வடிவத்தை அவை வெட்டும். முந்தின நாளே தண்ணீர் தெளித்துக் கொடியில் போட்டுவையுங்கள்.

பட்டுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டுக்கூடு விளைகிற மாவட்டங்களில் பட்டை அவசரமாகத் தீட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை. மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்துக்கொள்வோம். பாவு (நீளவாட்டு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம். ஒன்று நீலம், ஒன்று பச்சை. மடிப்பின் ஒரு சரிவில் நீலம் தூக்கலாகவும் மறு சரிவில் பச்சை தூக்கலாகவும் தெரியும். நிறைய பேர் இரண்டையும் கலந்து ஒரு நீலப்பச்சை செய்து முழுக்க அடித்துவிட்டு, ஒயிட் கலந்து வெளிச்சம் ஏற்றுகிறார்கள். பாலிஷ்டர் பாவாடைதான் கிடைக்கிறது. பேலட்டில் இரண்டு குவியலைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் பார்த்த சரிவுகளுக்கு ஒன்று, விலகிய சரிவுகளுக்கு மற்றது. அவை முட்டுகிற முகட்டில் மட்டும் மினுக்கம், அதுவும் தொடர்ந்து போகாமல் விட்டு விட்டு. மடிப்பின் பள்ளத்தில் கறுப்பு வேண்டாம். பட்டின் நிழல் நிறம் செறிந்ததாக இருக்கும், இருளாக இருக்காது. சிவப்புப் பட்டின் பள்ளத்துக்கு அலிசரினோடு கொஞ்சம் பர்ன்ட் அம்பர்.

ஜரிகைக்குத் தங்கப் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அது ஒரு கோணத்தில் மினுங்கி மறுகோணத்தில் கறுத்து, படத்தின் மொத்த ஒளிக்கும் துரோகம் செய்யும். ரா அம்பரும் ஓக்கரும் கலந்து கரை முழுக்க மட்டமாகப் பூசிவிட்டு, முகத்துக்கு அருகே கரை திரும்புகிற இரண்டு மூன்று இடங்களில் லெமன் எல்லோவும் ஒயிட்டும் தடிப்பாக ஒரு தொடல். கரையின் மற்றப் பகுதி மங்கிக் கிடந்தால்தான் அந்தத் தொடல் பொன்னாகத் தெரியும். மூக்குத்தி, தோடு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

உட்கார்ந்து எழுந்தால் துணி முன்பு இருந்த மாதிரி விழாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகத்தைப் பல நாள் வரையலாம், துணியை ஒரே அமர்வில் முடியுங்கள். முடியாது என்றால் அதே புடவையை நாற்காலியில் தலையணை கட்டி அதன்மேல் போர்த்தி, தோளுக்கு ஒரு ஹேங்கரை நிறுத்தி, மாடல் இல்லாமல் சாவகாசமாக வரையுங்கள். வரையும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. புழுக்கம் தாங்கவில்லை என்றால் இடைவேளையில் போட்டுக்கொள்ளலாம்.

சட்டத்துக்குள் வைப்பது

நிற்கும் ஓவியரின் கண்ணும் உட்கார்ந்த மாடலின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு ஒன்றரை அடி உயர மேடையோ கட்டிலோ போட்டு அதன்மேல் நாற்காலி. உங்களுக்கும் மாடலுக்கும் நடுவே 6 முதல் 8 அடி. 4 அடிக்குள் நின்று வரைந்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். மொபைல் படங்களில் முகம் விகாரப்படுவதும் இதே காரணத்தால்தான். உதவிக்குப் படமெடுப்பதானால் நின்ற இடத்திலிருந்தே 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

18க்கு 24 அங்குல கேன்வாஸில் தலை, உச்சி முதல் தாடை வரை, 7 முதல் 8 அங்குலம். நிஜத் தலையைவிடச் சற்றுச் சிறியது. நிஜத்தைவிடப் பெரிதாக்கினால் கூடத்தில் மாட்டும்போது பேனர் மாதிரி முட்டிக்கொண்டு வரும். உச்சிக்கு மேல் 3 அங்குல இடம் விடுங்கள். அப்போது கண் மேல் விளிம்பிலிருந்து 7 அங்குல வாக்கில் நிற்கும். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் ஒன்றரை அங்குலமாவது அதிக இடம் வேண்டும். இந்த அளவில் படத்தின் கீழ்விளிம்பு முழங்கைக்குப் பக்கத்தில் வந்து வெட்டும். மூட்டில் வெட்டினால் கை ஊனமாகத் தோன்றும் என்பதால் தலையை அரை அங்குலம் கூட்டியோ குறைத்தோ மூட்டைத் தாண்டுங்கள். மடியில் கோத்த கைகளும் வேண்டுமானால் 24க்கு 30-ஐ எடுக்க வேண்டும். கையின் நீளம், அதாவது மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை, தாடை முதல் முன்நெற்றி முடி வரை உள்ள அளவு. பெரும்பாலான படங்களில் கை இதைவிடச் சிறியதாகப் போய்விடுகிறது, பொம்மைக் கை.

உடம்பு ஒரு பக்கம், தலை கொஞ்சம் மறுபக்கம் திரும்பட்டும். தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டாம். 'நிமிர்ந்து உட்காருங்க ஐயா' என்று சொன்னால் அடையாள அட்டைக்கு உட்கார்கிற மாதிரி விறைத்துவிடுவார். அவர் பாட்டுக்குப் பேசட்டும். பத்து நிமிடத்தில் உடம்பு தானாகத் தன் வழக்கமான இருப்புக்கு வரும், அதைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக் கால், பாதம் எல்லாவற்றுக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். 25 நிமிடம் உட்கார்ந்தால் 5 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு 2 மணி நேரம், தினமும் அதே நேரத்தில். நாலு நாளில் தலை முடியும்.

பின்னணியில் ஒரு விஷயம் செய்தால் போதும், முகம் கேன்வாஸை விட்டு எழுந்து வரும்: முகத்தின் வெளிச்சப் பக்கத்தில் பின்னணியை இருட்டாக்குங்கள், நிழல் பக்கத்தில் ஒரு படி வெளுப்பாக்குங்கள். நிழல்பக்க முடியும் பின்னணியும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியாக இருந்தால், அங்கே விளிம்பைப் பஞ்சு மாதிரி கரைத்துவிடலாம். கூரான விளிம்புகளைக் கண், மூக்கின் ஒளிப்பக்கம், ஒளிப்பக்கத் தாடை ஆகியவற்றுக்கு மட்டும் மிச்சம் வையுங்கள். கழுத்துக்குப் பின்னால் போகும் ஜன்னல் கம்பி, காதிலிருந்து முளைக்கிற சுவிட்ச் போர்டு, தலைக்கு மேல் காலண்டர் இவற்றை எடுத்துவிடுங்கள். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போன்ற புடவைகள் முகத்தைவிட உரக்கப் பேசும். முகத்திலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளில் அந்த நிறத்தில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் கலந்து அடக்குங்கள். கரை செல்லும் திசையை முகத்தை நோக்கி ஏறுகிற மாதிரி மாடலின் முந்தானையிலேயே சரிசெய்து விட்டால் கண் தானாக மேலே போகும்.

போட்டோவிலிருந்து வரைய நேர்ந்தால்

இந்தப் பக்கம் வருகிற வேலைகளில் பாதி, இறந்தவர்களின் படத்திறப்புக்கானவை. கையில் கிடைப்பது ஒரு பாஸ்போர்ட் போட்டோ, அதுவும் ஃபிளாஷ் போட்டது. முதலில் கருவிழியை அளந்து பாருங்கள். அது வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவமாக இருந்தால் யாரோ படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அகலத்தைச் சரிசெய்த பிறகே கட்டம் போடுங்கள். ஃபிளாஷ் போட்டோவில் நிழல் இருக்காது, அதை அப்படியே பெரிதாக்கினால் முகம் ஊதிய பலூன். குடும்பத்தில் அதே எலும்புவாகு உள்ள மகனையோ தம்பியையோ மேலே சொன்ன ஜன்னலில் அதே கோணத்தில் உட்காரவைத்து, நிழல் எங்கே விழுகிறது என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயல் போட்டோவிலிருந்து, ஒளி இவரிடமிருந்து. சட்டை, துண்டையும் இவருக்கே போட்டு வரையலாம். சட்டை நிறத்தையும் நெற்றி இடுகிற விதத்தையும் வீட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பட்டை, நாமம், சந்தனப் பொட்டு எதுவானாலும் அதன் அகலம் உட்பட.

மாட்டுகிற சுவரில் பகலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, படத்துக்குள்ளும் ஒளியை அதே பக்கம் வையுங்கள். அலிசரின் மெல்லிய பூச்சில் வெளுக்கும் நிறம். பல வருடம் வெளிச்சத்தில் தொங்கப்போகும் படத்துக்கு 'பர்மனென்ட்' என்று டியூபில் போட்ட வகையை வாங்குங்கள். அடிப்பூச்சுக்கு டர்பன்டைன் கூடுதலாகவும், மேலே போகப் போக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடுதலாகவும் சேர வேண்டும், மாறினால் பூச்சில் விரிசல் விழும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து, பளபளப்பில்லாத வகை. நிலைப்படிக்கு மேல் 7 அடி உயரத்தில் மாட்டுவார்கள், எதிரே டியூப்லைட் இருக்கும். பளபள வார்னிஷ்ஷில் முகத்துக்குப் பதில் டியூப்லைட்தான் தெரியும். ஃபிரேமின் பின்புற வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்கித் திருகினால் படம் முன்னால் சாய்ந்து தொங்கும். கீழே நிற்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது முகம் நேராகத் தெரியும்.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அது தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் அமுக்கி வையுங்கள்.